பாயின் நோன்புக்கு நாங்கள் காவல்

எங்கள் தொழிற்சாலையில் காலை பத்தரைக்கு ஒரு மணி அடிக்கும். அது அடித்ததும் என் கை என்னைக் கேட்காமலே நீளும். கேன்டீன்காரர் தள்ளுவண்டியோடு வருவார், கையில் டீ கப் வந்து உட்காரும், கூடவே ஒரு வடையோ போண்டாவோ வரும். இரண்டும் உள்ளே போன பிறகுதான் நான் யார், எங்கே நிற்கிறேன் என்பதெல்லாம் ஞாபகத்துக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை மூக்கண்டப்பள்ளியில் வீட்டில் இருந்தாலும் பத்தரைக்கு இந்தக் கை நீளத்தான் செய்கிறது. என் கணவர் அதைக் கண்டும் காணாமல் பேப்பர் படிப்பார்.

எனக்கே இப்படி என்றால், நோன்பு வைக்கிற மனிதரின் பாடு என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கள் டெஸ்பாட்ச் பகுதியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் முஸ்லிம். கிருஷ்ணகிரிக்காரர். வீட்டில் உருது, வெளியே தமிழ், லாரிக்காரர்களிடம் கன்னடம், கோபம் வந்தால் தெலுங்கு. எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஆள் நல்ல உயரம், நல்ல அகலம். டன் கணக்கான இரும்பை மயிரிழை பிசகாமல் தூக்கி வைப்பார். ஆனால் கழற்றிய ஹெல்மெட்டை எங்கே வைத்தார் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். பெரும்பாலும் அது அவர் தலையிலேயே இருக்கும்.

நான் தரப் பரிசோதனைப் பிரிவு. வந்து குவிகிற இரும்புப் பாகங்களை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு, திருத்தினால் தேறும் என்றால் மஞ்சள் சீட்டு, தேறவே தேறாது என்றால் சிவப்புச் சீட்டு ஒட்டுவது என் வேலை. வருஷக்கணக்கில் இதைச் செய்து செய்து புத்தி அப்படியே ஆகிவிட்டது. என் கணவர் வைக்கும் ரசத்துக்கு மஞ்சள் சீட்டுக்கு மேல் நான் கொடுத்ததே இல்லை.

முஸ்லிம்களின் மதத்தைப் பற்றி எனக்கு அதுவரை தெரிந்ததெல்லாம் பெருநாள் அன்று மத்தியானத்துக்கு மேல் தொடங்கியதுதான். அதாவது, பிரியாணி டப்பா வந்து சேர்ந்த பிறகு. அதற்கு முன்னால் அவர்கள் ஒரு மாதம் என்ன பாடுபடுகிறார்கள் என்று நான் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை.

இந்த வருஷம் ரம்ஜான் தொடங்குவதற்கு முதல் நாள் பாய் வண்டியை ஓரம் கட்டிவிட்டு என் மேஜைக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. பெட்டி எதையோ இடித்துவிட்டார் போலிருக்கிறது என்று நான் சிவப்புச் சீட்டுக் கட்டைக் கையில் எடுத்தேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. ஒரு ஒதவி வேணும். நாளையிலருந்து நோன்பு. பத்தரை மணி அடிக்கறப்ப என்னைக் கொஞ்சம் பாத்துக்கணும்."

"என்ன பாய், மயக்கம் வருமா?"

"மயக்கம் வந்தா பரவால்ல. டீ வந்துருது."

அப்புறம் சொன்னார். ஒவ்வொரு வருஷமும் இதே கதைதானாம். விடியுமுன் எழுந்து சாப்பிட்டு, இன்றைக்கு நோன்பு வைக்கிறேன் என்று மனதில் நிய்யத் வைத்து, தொழுதுவிட்டுத்தான் வேலைக்கு வருவார். வண்டியில் ஏறினால் பெட்டி, லாரி, பெட்டி, லாரி. மணி அடிக்கும். கை நீளும். வடையைக் கடித்து முக்கால்வாசி தின்ற பிறகு, 'ஐயோ, நோன்பாச்சே' என்று நினைவு வரும்.

"அப்போ அன்னைக்கி நோன்பு போச்சா?" என்றேன்.

"போவாது. அதான்மா விசேஷம். மறந்து சாப்பிட்டா நோன்பு முறியாது. ஞாபகம் வந்த ஒடனே நிறுத்திக்கணும், வாயில இருக்கறத துப்பணும், அப்பிடியே தொடரணும். அது அல்லா ஊட்டினதுன்னு வச்சுக்கறது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் வீட்டு விரதங்களில் இப்படி ஒரு சலுகை கிடையாது. ஆனால் நியாயமாகப் பேச வேண்டும் என்றால், எங்கள் விரதத்துக்கு அது தேவையும் இல்லை. கிருத்திகை அன்று நான் விரதம் இருந்தால் சோறு மட்டும்தான் கூடாது. இட்லி சாப்பிடலாம், உப்புமா சாப்பிடலாம், பால் பழம் சாப்பிடலாம், பசி தாங்காவிட்டால் மறுபடி உப்புமா சாப்பிடலாம். சாதாரண நாளைவிட விரத நாளில்தான் எனக்கு வயிறு கனமாக இருக்கும்.

"தெரிஞ்சே சாப்பிட்டா?"

"அது முறிஞ்சுரும். பாவம். பின்னாடி வேற நாள்ல வச்சுக் கழிக்கணும். ஒடம்பு சரியில்ல, தூரப் பிரயாணம், பொம்பளைங்களுக்கு மாச நாளு, இதுக்கெல்லாம் நோன்ப விட்டுட்டு அப்புறமா வச்சுக்கலாம். அது தப்பில்ல."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. வேண்டுமென்று முறித்தால் சிவப்பு. பின்னால் வைத்துக் கழிப்பது மஞ்சள். மறந்து தின்றால், குறை இருந்தும் வாடிக்கையாளர் பெரிய மனது பண்ணி ஏற்றுக்கொள்கிற சரக்கு. எங்கள் தொழிலில் அதற்குத் தனி முத்திரையே உண்டு. இதைப் பாயிடம் சொன்னேன். அவர் என் சீட்டுக் கட்டுகளைப் பார்த்துவிட்டு, "அப்பிடியும் வச்சுக்கலாம்" என்றார்.

"ஏத்துக்கிட்டாச்சே, அப்புறம் என்ன கவலை?"

அவர் ஹெல்மெட்டைக் கழற்றி மறுபடி மாட்டினார். அவருடைய மனைவியின் அண்ணன், குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலை ஓரம் பிரியாணிக் கடை வைத்திருக்கிறவர், ஒவ்வொரு பெருநாளும் வீட்டுக்கு வருவாராம். மொத்தக் குடும்பமும் உட்கார்ந்திருக்கும்போது, "ஏன் மாப்ளே, இந்த வருஷம் அல்லா ஒனக்கு எத்தினி தபா விருந்து வச்சான்?" என்று கேட்பாராம். வீடே சிரிக்குமாம். இவரும் சேர்ந்து சிரிப்பாராம்.

"அது போவட்டும், மச்சான் வாய் அப்பிடித்தான். எனக்கு என்னான்னா... அவன் மன்னிக்கறான், அது தெரியும். ஆனா வருஷா வருஷம் மன்னிப்பிலயே ஓட்டினா எப்பிடி? ஒரே ஒரு ரம்ஜான், ஒரு வாய் தண்ணிகூட தவறாம, முழுசா வச்சு அவன் கையில குடுக்கணும். இந்தா, இது நான் வச்சதுன்னு."

இதைச் சொல்லும்போது அவர் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். ஒரு வாய் தண்ணீர் என்ன, ஒரு கடுகுகூட இந்த மனிதரின் வாய்க்குள் பொழுது சாய்வதற்கு முன் போகக்கூடாது.

காவல் என்றால் ஒரு ஆள் போதாது. நான் பரிசோதனை மேஜையை விட்டு அடிக்கடி நகர முடியாது. எனவே பக்கத்து வெல்டிங் பகுதியிலிருந்து ஒருவனைச் சேர்த்துக்கொண்டேன். தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், கத்தோலிக்கன், வேலைக்காக ஓசூர் வந்தவன். இரும்பை ஒட்டுவான், வாயை மட்டும் மூடத் தெரியாது. அந்தச் சமயம் பார்த்து அவர்களுக்கும் தவக்காலம். இறைச்சி சாப்பிடமாட்டேன் என்று அவனும் ஒரு நேர்ச்சையில் இருந்தான்.

"எக்கா, இது நல்லாருக்கே. மறந்து தின்னா ஆண்டவரு ஊட்டுன கணக்காம்லா. எங்க ஆளுகளுக்கு இப்படி ஏதும் இருக்கான்னு ஃபாதர்ட்ட கேக்கணும். போன வெள்ளி பேக்கரியில ஒரு பப்ஸ கடிச்சேன், உள்ள கோழி."

"மறந்து கடிச்சியா, தெரிஞ்சு கடிச்சியா?"

"மொதக் கடி மறதி. ரெண்டாங்கடி ஒரு நிச்சயத்துக்கு."

இவன்தான் காவலுக்கு ஆள்.

முதல் நாள். பத்தரை மணி அடித்தது. தள்ளுவண்டி வந்தது. பாய் வண்டியிலிருந்து இறங்கி, கண்ணில் ஒரு யோசனையும் இல்லாமல், நேரே கையை நீட்டினார். நான் ஒரு பக்கமும் வெல்டர் ஒரு பக்கமும் ஓடி அந்தக் கையைப் பிடித்தோம். கேன்டீன்காரர் பயந்துபோய்க் கப்பைக் கீழே போட்டார். பாய் எங்களைப் பார்த்தார், கப்பைப் பார்த்தார், மெல்ல அவருக்கு விளங்கியது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். இறைவனுக்கே புகழ் என்று அர்த்தமாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று மத்தியானமே அடுத்த சிக்கல். தொழுகை நேரம் வந்ததும் பாய் குழாயடிக்குப் போனார். தொழுவதற்கு முன் கை, வாய், மூக்கு, முகம், முழங்கை வரை, தலை, கால் என்று வரிசையாகச் சுத்தம் செய்ய வேண்டும். ஒளு என்பார்கள். எங்களுக்கு அது தெரியாது. பாய் கை நிறையத் தண்ணீர் ஏந்தி வாயில் ஊற்றுவதைத் தூரத்திலிருந்து பார்த்த வெல்டர், "பாய், நோம்பு, நோம்பு" என்று கத்திக்கொண்டே ஓடி, அவர் முன்னால் போய்க் கையை விரித்து நின்றான். பாய் வாயில் இருந்ததையெல்லாம் அவன் முகத்திலேயே கொப்பளித்தார். வேறு வழியில்லை, விழுங்க முடியாதே.

"கொப்புளிக்கலாம்பா. முழுங்கத்தான் கூடாது."

வெல்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டான். "அப்ப எச்சிலு?"

"எச்சிலு முழுங்காம என்ன பண்றது? பாட்டில்லயா புடிச்சு வைக்க முடியும்?"

பெட்டிகள் அடுக்கிய மூலையில் பெரிய அட்டை ஒன்றை விரித்து, மக்கா இருக்கிற மேற்குத் திசையைப் பார்த்து அவர் தொழுதார். நின்று, குனிந்து, நெற்றி தரையில் பட விழுந்து, உட்கார்ந்து. நாளுக்கு ஐந்து வேளை இப்படி. எல்லா வருஷமும் எல்லா நாளும். இதே மூலையில்தான் அவர் வருஷக்கணக்காகத் தொழுகிறார், நான் அதே மூலையைத் தாண்டித்தான் கழிப்பறைக்குப் போகிறேன். ஆனால் அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். எதையும் மறக்கிற மனிதர் அந்த வரிசையில் ஒன்றைக்கூட மறக்கவில்லை.

ஒரு வாரம் போனதும் காவலர்களுக்குள் சண்டை வந்தது. மதச்சண்டைதான். வெல்டர்தான் தொடங்கினான்.

"எக்கா, ஒரு சந்தேகம். அவரு மறந்து திங்காருன்னா ஆண்டவரு ஊட்டுதாருங்காக. அப்ப ஆண்டவரு ஊட்டும்போது நாம போயி கையத் தட்டிவிடுதோமே, இது நமக்குப் பாவம் இல்லியா?"

இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. ஒரு மனிதனுக்குக் கடவுளே வடை ஊட்டுகிறார், நடுவில் நான் புகுந்து பிடுங்குகிறேன். அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் பத்தரைக்கு நான் கொஞ்சம் தயங்கினேன். அந்தத் தயக்கத்தில் பாயின் கை போண்டாவைத் தொட்டேவிட்டது. நல்லவேளை, சூடு தாங்காமல் அவரே விட்டுவிட்டார்.

விஷயத்தைப் பாயிடமே சொன்னோம். அவருக்கும் தெரியவில்லை. உடனே பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற ஹஜ்ரத்துக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். ஹஜ்ரத் பொறுமையாகக் கேட்டார். நடுவில் ஒருமுறை, கேட்கிறவர்கள் யார் என்று விசாரித்தார். ஒரு இந்து அம்மா, ஒரு கிறிஸ்தவத் தம்பி என்று பாய் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு செருமல் கேட்டது. அவர் சிரிப்பை அடக்கினார் என்பது என் கணிப்பு.

"நோன்பாளி திடகாத்திரமான ஆளா இருந்தா ஞாபகப்படுத்தணும். வயசாகி, பலவீனமா, சாப்பாடு இல்லாம தள்ளாடற ஆளா இருந்தா, மறந்து சாப்பிடறப்ப கண்டுக்காம விட்டுறலாம்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. நீங்க பாத்துக்கற ஆளு எப்பிடி?"

நானும் வெல்டரும் பாயை மேலிருந்து கீழ்வரை பார்த்தோம். பாய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

"ஃபோர்க்லிஃப்ட் இல்லாமயே பெட்டி தூக்குவாருங்க" என்றேன்.

"அப்ப தாராளமா கையத் தட்டிவிடுங்க" என்று ஹஜ்ரத் ஃபோனை வைத்தார்.

அனுமதி கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு எங்களைப் பிடிக்க முடியவில்லை. பாயின் கண்ணில் டீயே படக்கூடாது என்று டெஸ்பாட்ச் மொத்தமும் கம்ப்ரசர் அறைக்குப் பின்னால் போய் ஒளிந்து குடிக்க ஏற்பாடு செய்தேன். அந்தச் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. டீயில் தூசு விழும். யாரும் முணுமுணுக்கவில்லை, அல்லது முணுமுணுத்தது எனக்குக் கேட்கவில்லை. நாலைந்து நாளில் பாயே எங்களைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"ஏம்மா, என் மேல எதாச்சும் கோவமா? டீ டைம் ஆனா எல்லாரும் காணாமப் போயிடறீங்க."

காரணத்தைச் சொன்னோம். அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "நீங்க என் முன்னாடியே குடிங்க. பசி தெரியணும்னுதான் நோன்பே. எல்லாத்தையும் மறைச்சு வச்சுட்டா அப்புறம் நான் எதை அடக்கறது?" என்றார். வயிற்றை மட்டும் கட்டினால் போதாது என்றும் சொன்னார். பொய் சொல்லக்கூடாது, கோபப்படக்கூடாது, ஒருத்தர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றிக் குறை பேசக்கூடாது. புறம் பேசினால் நோன்பின் பலனே கரைந்துபோகுமாம்.

இது வந்து எங்கள் தலையில் விழுந்தது. காவல் என்றால் முழுக் காவல்தானே? பாயின் காதில் புறம் விழாமல் பார்த்துக்கொள்வதும் எங்கள் பொறுப்பாகிவிட்டது. ஆனால் எங்கள் மேனேஜரைத் திட்டாமல் டீ எப்படித் தொண்டைக்குள் இறங்கும்? நல்ல மனிதர்தான், ஆனால் திட்டுவதற்கு என்றே செய்து வைத்த மாதிரி இருப்பார். அந்த மாதம் நாங்கள் வெயிலைப் பற்றியும் பாகலூர் ரோட்டுக் குழியைப் பற்றியும் மட்டுமே பேசினோம். குழியைத் திட்டினால் புறமா என்று வெல்டர் ஒருநாள் கேட்டான். ஹஜ்ரத்துக்கு மறுபடி ஃபோன் போடுவானோ என்று பயந்தேன்.

நோன்பு திறப்பதையும் பார்க்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பாய் வீட்டுக்குப் போனோம். பேரீச்சம்பழம், வெட்டிய தர்பூசணி, சமோசா, தூக்குச்சட்டியில் பள்ளிவாசலிலிருந்து வந்த நோன்புக் கஞ்சி. எல்லாம் முன்னால் இருக்க, பாங்கு சொல்லும் சத்தத்துக்காகக் குடும்பமே கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தது. பாயின் கை பேரீச்சம்பழத்தின் அருகே போகும்போதெல்லாம் வெல்டர் கனைத்தான். பாயின் மனைவி சிரித்துவிட்டார்.

"வீட்ல நான் இருக்கேன் தம்பி. நீ நிம்மதியா ஒக்காரு."

பாங்கு கேட்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பழத்தை வாயில் வைத்தார்கள். நானும் வைத்தேன். அன்று நான் மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தேன். இருந்தாலும் அந்தப் பழம் எனக்கு அப்படி இனித்தது. என்னைப் பார்த்து எனக்கே கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

இப்படியே மாதம் முடியப்போனது. ஒரு வாய் தவறவில்லை. நாளைக்குப் பெருநாளா, மறுநாளா என்று கேட்டால் பாய் வானத்தைக் காட்டினார். சாயங்காலம் பிறை தெரிந்தால் நாளைக்குப் பெருநாள், தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு. எனக்கு இது பிடிக்கவே இல்லை. இவ்வளவு பெரிய பண்டிகையை முந்தின நாள் சாயங்காலம்வரை முடிவு செய்யாமல் வைத்திருந்தால் லீவு எப்படிப் போடுவது? "பிறைகிட்ட சொல்லிப் பாரும்மா" என்றார் பாய். அவர் முகம் பளபளவென்று இருந்தது. "இன்னைக்கி ஒரு பொழுது. முடிஞ்சிரும் போல" என்றார்.

அன்றைக்குத்தான் வெளியூர் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு வந்திருந்தார்கள். நாலு மணி வாக்கில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. எங்கள் மேனேஜருக்கு ஆனந்தம் பொங்கிவிட்டது. பெரிய பெட்டி நிறைய நெய் லட்டு வாங்கி வரச் சொல்லி, அதைத் தானே இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு பகுதியாக வந்தார். கையில் கொடுத்தால் போதாதா? அவருக்கு வாயில் ஊட்ட வேண்டும். முதலில் என் மேஜைக்கு வந்தார். "ஆ சொல்லுங்க மேடம்" என்று ஒரு முழு லட்டை என் வாய்க்குள் திணித்தார்.

அந்த லட்டு என் தாடைக்குள் உட்கார்ந்திருக்கும்போதுதான், அவர் அடுத்து எங்கே போகிறார் என்று பார்த்தேன். பாய் ஃபோர்க்லிஃப்ட் மேல் இருந்தார். இரண்டு கையும் ஸ்டியரிங்கிலும் லீவரிலும், கண் மேலே தூக்கிய பெட்டியில். மேனேஜர் எக்கி நின்று லட்டை நீட்டினார். பாய் திரும்பிப் பார்க்காமலே வாயைத் திறந்தார்.

நான் கத்தினேன். கத்தினேன் என்று சொல்வது தவறு. "ம்ம்ம்ம்" என்றேன். லட்டு வாய் நிறைய இருக்கும்போது மனிதப் பிறவியால் அதற்கு மேல் முடியாது. கையை ஆட்டினேன். நான் நன்றி சொல்கிறேன் என்று நினைத்து மேனேஜர் எனக்குக் கையசைத்தார். பாய் மென்றார். மெல்ல மென்று, பெட்டியை அழகாக இறக்கி வைத்துவிட்டு, வண்டியைப் பின்னுக்கு எடுத்து லாரிப் பக்கம் போய்விட்டார்.

அதற்குள் வெல்டர் ஓடிவந்தான். அவன் கன்னமும் உப்பியிருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பேச முடியாமல் அவசரமாக மென்றோம். விழுங்கி முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சும்மா சொல்லவில்லை, கண்ணீரே வந்தது. மாதம் முழுக்கக் காத்த பானையைக் கடைசிப் படியில் போட்டு உடைத்துவிட்டோம்.

"எக்கா, அழாதிய. மறதிதான? ஆண்டவருதான் ஊட்டிருக்காரு. கை மட்டும் மேனேஜர் கை."

"அது எனக்கும் தெரியும்டா. ஆனா அவரு கேட்டது அது இல்லயே. ஒரு வாய்கூட தவறாமன்னு கேட்டாரே."

அவரிடம் சொல்வதா வேண்டாமா? ஹஜ்ரத் சொன்னது, சாப்பிடும்போது ஞாபகப்படுத்து என்றுதான். சாப்பிட்டு முடித்தவருக்கு ஞாபகப்படுத்தி என்ன ஆகப்போகிறது? நோன்பு முறியவில்லை. மேலே ஏற்றுக்கொண்டாகிவிட்டது. சொன்னால் அந்த முகம் வாடும். சொல்லாவிட்டால் அவர் ஆசைப்பட்டது கிடைத்த மாதிரி இருக்கும். நாங்கள் இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்வது என்று முடிவு செய்தோம். வெல்டர் வாயை மூடிய ஒரே சந்தர்ப்பம் அதுதான். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது பாய் எங்கள் இருவர் கையையும் பிடித்து, "பெருநாளுக்கு வந்துருங்க. நீங்க வராம நான் சாப்பிடமாட்டேன்" என்றார். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்று சாயங்காலம் பிறை தெரிந்துவிட்டது.

பெருநாள் காலையில் நாங்கள் போனபோது பாய் திடலில் தொழுகை முடித்து வந்திருந்தார். புதுச் சட்டை, அத்தர் வாசனை. வருகிறவர்களை எல்லாம் மூன்று முறை தழுவி, "ஈத் முபாரக்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். யார் வீட்டிலும் அன்று அடுப்பு எரியாமல் இருக்கக்கூடாது என்பதால், தொழுகைக்குப் போகும் முன்பே இல்லாத வீடுகளுக்குக் கோதுமையும் அரிசியும் கொடுத்தாகிவிட வேண்டுமாம். அதையும் மறக்காமல் முதல் நாளே கொடுத்துவிட்டதாக அவர் மனைவி சொன்னார். "மறக்காம" என்பதை அழுத்திச் சொன்னார்.

குருபரப்பள்ளி மச்சான் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வெளேரென்று கஞ்சி போட்டுத் தேய்த்த ஜிப்பா. அதில் ஒரு சுருக்கம் இல்லை. எல்லோர் கையிலும் ஷீர் குர்மா கிண்ணம் வந்தது. பால், சேமியா, பேரீச்சை, முந்திரி, எல்லாம் நெய்யில் மிதந்தன. மச்சான் தொண்டையைச் செருமினார். எனக்கு விளங்கிவிட்டது, கேட்கப்போகிறார்.

"ஏன் மாப்ளே, இந்த வருஷம் எத்தினி தபா விருந்து?"

கூடம் சிரிக்கத் தயாரானது. நான் கிண்ணத்துக்குள் பார்த்தேன். வெல்டர் மின்விசிறியைப் பார்த்தான். ஒரு தடவையும் இல்லை என்று பாய் சொல்லிவிட்டு எங்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் என்ன செய்வது? பெருநாளும் அதுவுமாக அந்த வீட்டில் உட்கார்ந்து பொய் சொல்ல என்னால் முடியாது. உண்மை சொல்லவும் முடியாது.

"ஒரு தபா மச்சான்" என்றார் பாய். "லட்டு. நெய் லட்டு."

நான் நிமிர்ந்தேன். "ஒங்களுக்குத் தெரியுமா பாய்?"

"தெரியும்மா. லட்டுல கிராம்பு இருந்துச்சு. பல்லுல மாட்டுச்சு. யாருடா இது வாயில கிராம்பு வச்சதுன்னு யோசிச்சேன். அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. எறங்கிப் போயி துப்பிட்டு வந்தேன்."

"அப்புறம் ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"நீங்க ரெண்டு பேரும் மூஞ்சிய வச்சிருந்த லட்சணத்தப் பாத்தா எப்பிடிச் சொல்றது? எனக்காக தூசியில நின்னு டீ குடிச்சீங்க, ஒரு மாசம் காவல் காத்தீங்க. ஒங்க மனசு ஒடஞ்சிரும்னு விட்டுட்டேன்." கிண்ணத்தில் கரண்டியை விட்டுக் கலக்கினார். "நானும் முழுசா குடுத்துரலாம்னுதான் பாத்தேன். அவன் ஒரு வாயாச்சும் ஊட்டாம விடமாட்டேங்கறான். நான் என்னா பண்றது, சொல்லு."

யாரும் சிரிக்கவில்லை. மச்சான்கூடச் சிரிக்கவில்லை. பாயின் கண் கலங்கியிருந்தது, ஆனால் முகத்தில் வாட்டம் இல்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று நான் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துச் சுவர்க் கடிகாரம் அடித்தது. பத்தரை.

பாய் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனார். அடுத்து நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, இந்தக் கைதான் பொறுப்பு. "பாய், நோன்பு" என்று ஒரு குரல் வந்தது, அது என் குரல். என் கை போய்க் கரண்டியைத் தட்டியது. அதே நொடியில் இன்னொரு பக்கமிருந்து வெல்டரின் கை கிண்ணத்தைத் தட்டியது. கிண்ணம் எழும்பி, ஒரு திருப்பம் திரும்பி, பாலும் சேமியாவும் முந்திரியுமாக மச்சானின் வெள்ளை ஜிப்பாவில் மொத்தமாக இறங்கியது.

வீடு சிரித்தது. பாயின் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாய் சிரித்ததில் இருமல் வந்து, யாரோ தண்ணீர் கொடுக்க, அதையும் வாங்கலாமா என்று அவர் எங்களைப் பார்த்துக் கேட்டார்.

நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மச்சானைக் கொல்லைக் குழாயடிக்குக் கூட்டிப்போனேன். ஈரத்துணியால் ஜிப்பாவைத் துடைத்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். கடுங்கோபம் என்று நினைத்தேன். பிறகு வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மாசம் பூரா இப்பிடித்தான் பண்ணீங்களா?"

"ஆமாங்க."

அவர் நெஞ்சில் ஒட்டியிருந்த ஒரு முந்திரியை எடுத்துப் பார்த்தார்.

"எனக்குக் கடையில சாயங்கால யாவாரத்துக்கு மத்தியானமே அண்டா ஏத்தணும். உப்புப் பாக்கற கை. நோன்ப மறந்து கறித் துண்டோட வாய்க்குப் போயிருது. மாப்ளையாச்சும் ஒண்ணு சொன்னாரு. நான் எத்தினின்னு யாருகிட்டயும் சொன்னதில்ல." கொஞ்சம் தயங்கினார். "குருபரப்பள்ளிப் பக்கம் ஒங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களாம்மா? அடுத்த வருஷத்துக்கு?"

சொல்லிவிட்டு அந்த முந்திரியை வாயில் போட்டார். என் கை பாதி தூரம் போய்விட்டது. பெருநாள் என்று நினைவு வந்து இழுத்துக்கொண்டேன்.